பாகப்பிரிவினை வளர்த்த கணிதம்

ஒரு தந்தையின் வயது இன்று அவர் மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு. 12 ஆண்டுகள் கழிந்தபின் அது இரு மடங்காக இருக்கும். எனில், இருவரின் வயதும் யாவை? இத்தகைய வினாவைப் பள்ளிக்கூடத்தில் சந்திக்காதவர் நம்மில் எவரும் இரார். எண்களை மட்டும் எழுதித் தந்தால் விரைந்து கூட்டியும் கழித்தும் விடை கூறிவிடும் மாணவன், அதே எண்களை வாக்கியங்களுக்குள் பொதிந்து தந்தால் திகைத்து நிற்கின்றான். கணக்கு அவனுக்குத் தெரியாமலில்லை. வாக்கியத்திலிருந்து கணக்கை வெளியே எடுக்கும் வழிதான் அவனுக்குப் புலப்படவில்லை.

தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் இளைஞர்கள் இந்தத் திகைப்பிலிருந்து தப்ப ஒரு குறுக்கு வழியைக் கைக்கொள்கின்றனர். வயதுக் கணக்கிற்கு ஒரு சூத்திரம், வேலையும் நாளும் பற்றிய கணக்கிற்கு ஒரு சூத்திரம், தொட்டியும் குழாயும் பற்றிய கணக்கிற்கு மற்றொன்று, புகைவண்டிக் கணக்கிற்கு வேறொன்று என மனனம் செய்துகொள்கின்றனர். வினா சற்றே மாறி வந்துவிட்டால் மனனம் செய்தது கைகொடுப்பதில்லை. 'கணக்கு நம் பிள்ளைக்கு வராது' என்று பெற்றோரும் முடிவு கட்டிவிடுகின்றனர். அத்துடன் ஒரு பிள்ளையின் கல்விப் பாதையே திசை மாறிவிடுகிறது.

ஆனால், இந்த வாக்கியக் கணக்குகளுக்கு நெடிய வரலாறு ஒன்று உண்டு. அவற்றைத் தீர்ப்பதற்குரிய பொதுமுறையை வகுத்து, அதற்குப் பெயரும் சூட்டி, நூலாக உலகின் கையில் தந்தவர் பக்தாதில் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் ஒருவர். அவர் நூலின் ஏறத்தாழச் சரிபாதி, இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தை உரியவர்களுக்குப் பிழையின்றிப் பங்கிடும் கணக்குகளால் ஆனது. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், நம் பிள்ளைகள் அஞ்சும் அந்த வினா எதற்காகத் தோன்றியது என்பதும், அதை எவ்வாறு அணுக வேண்டும் என்பதும் தாமே விளங்கும்.

முன்னோர் கண்ட வழிகள்

தெரிந்த அளவுகளைக் கொண்டு தெரியாத அளவைக் காணும் முயற்சி மிகப் பழமையானது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பாதுகாக்கப்பட்டு வரும் எகிப்திய நாணற்புல் ஏடு ஒன்றை, ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்னர் ஆமெஸ் என்னும் எழுத்தர் தமக்கு முந்திய ஏடொன்றைப் பார்த்துப் படியெடுத்தார். அதில் ஒரு கணக்கு வருகிறது: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19 ஆகிறது, அவ்வளவு யாது?

எகிப்தியர் கையாண்ட வழி விந்தையானது. விடை 7 என்று வேண்டுமென்றே தவறாக வைத்துக்கொள்கின்றனர். 7-உம் அதன் ஏழில் ஒரு பங்காகிய 1-உம் சேர்ந்து 8. நமக்கு வேண்டியதோ 19. ஆகவே, 19-ஐ 8-ஆல் வகுத்து, வந்ததை 7-ஆல் பெருக்கினால், பதினாறே முக்காலுக்குச் சிறிது குறைந்த எண், அதாவது 16-உம் எட்டில் ஐந்தும், விடையாகக் கிடைக்கிறது. பொய்யான ஓர் எண்ணிலிருந்து மெய்யான எண்ணை அடைவதால் பிற்காலத்தார் இதைப் 'பொய்க்கோள் முறை' என்னும் பொருளில் அழைத்தனர்.

நம் நாட்டிலும் இத்துறை செழித்திருந்தது. கி.பி. 476-இல் பிறந்த ஆரியபட்டர் தமது 'ஆரியபட்டீயம்' நூலில், இன்றைய ஒருபடிச் சமன்பாட்டிற்குரிய சூத்திரத்தையே ஒரு செய்யுளில் அடக்கியுள்ளார். இருவரிடம் சம மதிப்புள்ள செல்வம் உள்ளது. ஒவ்வொருவரிடமும் சில பொருள்களும் சில நாணயங்களும் உள்ளன. ஒரு பொருளின் விலை யாது என்பது வினா. நாணயங்களின் வேறுபாட்டைப் பொருள்களின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும் என்பது அவர் தந்த விதி. எடுத்துக்காட்டாக, ஒருவரிடம் 7 குதிரைகளும் 100 பணமும், மற்றவரிடம் 5 குதிரைகளும் 300 பணமும் இருப்பதாகக் கொள்வோம். நாணய வேறுபாடு 200. குதிரை வேறுபாடு 2. ஆகவே ஒரு குதிரையின் விலை 100 பணம். இருவர் செல்வமும் 800 பணம் எனச் சரியாகவே அமைகின்றது.

அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தியோபாந்தஸ் என்னும் கிரேக்கரும் தெரியாத அளவிற்கு ஒரு குறியீட்டை அமைத்துப் பல கணக்குகளைத் தீர்த்துள்ளார். பாபிலோனியரின் களிமண் பலகைகளிலும் இத்தகைய கணக்குகள் ஏராளம். எனவே, இத்துறையில் முன்னோடிகளே இல்லை என்று நாம் பெருமை பேசுவது உண்மைக்குப் பொருந்தாது. இருப்பினும், அதுவரை தனித்தனிக் கணக்குகளாகவும் தனித்தனி உத்திகளாகவும் கிடந்தவற்றை வகைப்படுத்தி, எந்தக் கணக்கையும் ஒரு சில படிகளில் அறியப்பட்ட வடிவத்திற்குக் கொண்டுவரும் முறையைத் தனியொரு கலையாக நிலைநாட்டிய பெருமை பக்தாதைச் சேர்ந்தது.

மஅமூனின் காலம்

கி.பி. 762-இல் கலீஃபா மன்சூர் அடிக்கல் நாட்டிய பக்தாத் நகரம், அடுத்த அரை நூற்றாண்டிற்குள் உலகின் அறிவுத் தலைநகராகத் திகழ்ந்தது. கலீஃபா மஅமூன் (கி.பி. 813-833) ஆட்சியில் கிரேக்க, பாரசீக, இந்திய நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டன, வானியல் ஆய்வுகள் அரசின் ஆதரவுடன் நடந்தன. 'பைத்துல் ஹிக்மா' எனப்படும் அறிவு இல்லத்தின் புகழை நாமெல்லாம் கேள்வியுற்றிருக்கிறோம்.

அந்த அறிஞர் குழாத்தில் ஒருவரே முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி. ஆரல் கடலுக்குத் தெற்கேயுள்ள குவாரிஸ்ம் நாட்டோடு அவர் குடும்பத்திற்கிருந்த தொடர்பை அவர் பெயர் காட்டுகிறது. வானியல் அட்டவணைகளையும் புவியியல் நூலையும் அவர் இயற்றினார். இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையையும் ஒரு நூலாக எழுதினார். அந்நூல் இலத்தீன் மொழிக்குச் சென்றபோது அவர் பெயரே 'அல்கோரிஸ்மி' எனத் திரிந்தது. கணிப்பொறித் துறையில் இன்று அன்றாடம் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் சொல் அதிலிருந்து வந்ததேயாகும்.

அவர் நூல்களுள் தலைசிறந்தது, அல்-ஜப்ர், அல்-முகாபலா என்னும் கணக்கு முறைகளைச் சுருக்கமாக விளக்கும் நூல். கலீஃபா மஅமூன் அறிஞர்களுக்குக் காட்டிய ஊக்கமே தம்மை எழுதத் தூண்டியது என முன்னுரையில் அவர் கூறுகின்றார். வாரிசுரிமை, வஸிய்யத், பங்கீடு, வழக்கு, வணிகம் ஆகியவற்றிலும், நிலம் அளத்தல், கால்வாய் வெட்டுதல் போன்ற பணிகளிலும் மக்களுக்கு இடையறாது தேவைப்படும் கணக்குகளில் எளியதும் பயனுள்ளதும் எவையோ அவற்றைத் தருவதே தம் நோக்கம் என்றும் அங்கே அவர் குறிப்பிடுகின்றார். அறிஞர்கள் மட்டும் படித்து வியக்க வேண்டும் என்பதற்காக அவர் எழுதவில்லை. காஜியார் முன் நிற்கும் வாரிசுக்கும், கடைவீதியில் நிற்கும் வணிகனுக்கும், கால்வாய் வெட்டுபவனுக்கும் கூலி தருபவனுக்கும் உதவ வேண்டும் என்றே எழுதினார்.

முறிந்ததைப் பொருத்துதல்

நூல் முழுவதிலும் இன்றைய குறியீடு ஒன்றுகூட இல்லை என்பது நம் மாணவர்களுக்கு வியப்பளிக்கும். கூட்டல் குறி இல்லை. சமக் குறி இல்லை. எண்களும் பெரும்பாலும் எழுத்தாலேயே எழுதப்பட்டுள்ளன. தெரியாத அளவை அவர் 'ஷைஉ' என்கிறார். 'பொருள்' என்பது அதன் கருத்து. அந்தப் பொருளைத் தன்னாலேயே பெருக்கும்போது அப்பொருளுக்கு 'ஜித்ர்', அதாவது வேர், என்றும், பெருக்கி வந்ததற்கு 'மால்', அதாவது செல்வம், என்றும் பெயர். வேர், மால், தனி எண் ஆகிய மூன்றையும் கொண்டு, எல்லாக் கணக்குகளையும் ஆறு வகைகளுள் அடக்குகிறார். வேர்கள் ஓர் எண்ணுக்குச் சமமாக வருவது அவற்றுள் மூன்றாம் வகை. இன்று பள்ளியில் ஒருபடிச் சமன்பாடு என்று பயில்வது இதுவே.

ஒரு கணக்கை இந்த வடிவத்திற்குக் கொண்டுவர இரு செயல்கள் போதும். ஒரு பக்கத்தில் குறைந்து கிடப்பதை நிறைவு செய்து, அதே அளவை மறுபக்கத்திலும் சேர்ப்பது 'ஜப்ர்'. இருபக்கத்திலும் உள்ள ஒரே இனத்தை நேருக்கு நேர் நிறுத்திக் கழித்துவிடுவது 'முகாபலா'. 'ஜப்ர்' என்னும் அரபுச் சொல்லுக்கு முறிந்த எலும்பைப் பொருத்துதல் என்பதும் ஒரு பொருள். ஸ்பானிய மொழியில் எலும்பு முறிவு வைத்தியரை 'அல்ஜெப்ரிஸ்தா' என்றே அழைத்தனர். செர்வாந்தேஸ் எழுதிய 'டான் குவிக்ஸோட்' புதினத்திலும் அடிபட்டவனுக்குச் சிகிச்சை செய்ய அத்தகைய வைத்தியர் ஒருவர் வருகின்றார். குறைபட்டதைச் செம்மை செய்வதே இக்கலையின் உயிர் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு கிடைக்குமா?

நூலிலுள்ள எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். பத்து என்னும் எண்ணை இரு கூறாக்கி ஒன்றை மற்றதால் வகுத்தால் நான்கு வருகிறது, அக்கூறுகள் எவை? ஒரு கூறைப் 'பொருள்' என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார் ஆசிரியர். மற்றக் கூறு, பத்தில் ஒரு பொருள் குறைந்தது. அதைப் பொருளால் வகுக்க நான்கு வருவதால், பத்தில் ஒரு பொருள் குறைந்தது நான்கு பொருளுக்குச் சமம். இனி ஜப்ர் செய்க: குறைந்த ஒரு பொருளை நிறைவு செய்து, மறுபக்கத்திலும் சேர்த்தால், பத்து என்பது ஐந்து பொருளுக்குச் சமமாகிறது. ஆகவே பொருள் 2. மற்றக் கூறு 8. இங்கே சூத்திரம் எதுவும் மனனம் செய்யப்படவில்லை. தெரியாததற்கு ஒரு பெயர் வைத்து, வாக்கியம் சொன்னதை அப்படியே சொல்லி, குறைந்ததைப் பொருத்தியதோடு விடை வெளிப்பட்டுவிட்டது.

வணிகத்திற்குரிய கணக்குகளையும் அவர் விடவில்லை. மாதம் பத்து திர்ஹம் கூலி பெறும் வேலையாள் ஆறு நாள் வேலை செய்தால் அவனுக்குரிய கூலி என்ன என்று கேட்டு, மாதத்தின் முப்பது நாளுக்கும் ஆறு நாளுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு இரண்டு திர்ஹம் என விடை தருகிறார். பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் தேர்வு வினாத்தாள்களில் இதே கணக்கு எண்கள் மாறி வந்துகொண்டிருக்கிறது!

வாரிசுகளின் கணக்கு

இனி, நூலின் பிற்பாதிக்கு வருவோம். திருக்குர்ஆனின் 'நிஸா' அத்தியாயம் 11, 12, 176 ஆகிய வசனங்களில் வாரிசுகளின் பங்குகள் பின்னங்களாகவே விதிக்கப்பட்டுள்ளன. பாதி, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்னும் ஆறு பின்னங்களின்மேல் பராயிள் கலை எழுந்து நிற்கிறது. கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பிறகே பங்கீடு. வஸிய்யத்தும் சொத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. தம் செல்வத்தைப் பெருமளவில் தர்மம் செய்துவிட விரும்பிய ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றை மட்டுமே அனுமதித்து, அதுவும் மிகுதியே என்று கூறிய செய்தியை நாம் அறிவோம்.

அல்-குவாரிஸ்மி தரும் கணக்கு ஒன்று: ஒரு பெண்மணி கணவரையும், ஒரு மகனையும், மூன்று மகள்களையும் விட்டு இறக்கிறார். பிள்ளைகள் இருப்பதால் கணவருக்குக் கால் பங்கு. எஞ்சிய முக்கால் பங்கில் மகனுக்கு இரண்டு கூறு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு கூறு என ஐந்து கூறுகள். எனவே சொத்தை 20 பாகமாக்கினால் கணவருக்கு 5, மகனுக்கு 6, மகள் ஒவ்வொருவருக்கும் 3 பாகம் வருகின்றன.

அதே பெண்மணி, வாரிசல்லாத ஒருவருக்குத் தம் சொத்தில் எட்டில் ஒரு பங்கும் ஏழில் ஒரு பங்கும் சேர்த்து வஸிய்யத் செய்திருந்தால்? இரண்டும் சேர்ந்து 56-இல் 15 பங்கு. இது மூன்றில் ஒன்றிற்குக் குறைவாதலால் செல்லுபடியாகும். வாரிசுகளுக்கு எஞ்சுவது 56-இல் 41 பங்கு. 20-ஐ 56-ஆல் பெருக்கிச் சொத்தை 1,120 பாகமாக்கினால், வஸிய்யத்துக்கு 300 போக 820 எஞ்சுகிறது. ஒரு கூறைப் 'பொருள்' என்று கொண்டால் 20 பொருள் 820-க்குச் சமம். ஒரு பொருள் 41. ஆகவே கணவருக்கு 205, மகனுக்கு 246, மகள் ஒவ்வொருவருக்கும் 123. கூட்டிப் பாருங்கள்: 300, 205, 246, மும்முறை 123 - மொத்தம் 1,120. ஒரு பாகம்கூடக் குறையவுமில்லை, மிகவுமில்லை.

இக்கணக்கை ஊகத்தால் போட முடியுமா? முடியாது. ஊகத்தால் போட முற்பட்டால் குறைவு யார் தலையில் விழும்? அவையில் எழுந்து பேச இயலாத மூன்று மகள்களின் தலையில் அன்றோ விழும்! 123 என்னும் எண் அவர்களுக்கு இறைவன் விதித்த உரிமையின் அளவு. அதைக் காட்டித் தருவது கணிதம்.

மற்றொரு கணக்கு இன்னும் நுட்பமானது. ஒருவர் இரண்டு மகன்களை விட்டு இறக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். மகன்களுள் ஒருவன் தந்தைக்கு 10 திர்ஹம் கடன்பட்டுள்ளான். மூன்றில் ஒரு பங்கை அயலார் ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறார். கடன்பட்ட மகன் தன் பங்கைத் தன் கடனிலேயே கழித்துக்கொள்கிறான். கடன் அவன் பங்கை மிஞ்சுமானால், மிஞ்சியது தந்தை அவனுக்கு விட்டுக்கொடுத்ததாகக் கருதப்படுகிறது என்பது இக்கணக்கின் அடிப்படையிலுள்ள சட்ட விதி. அவ்வாறாயின், பங்கிடத்தக்க சொத்து எவ்வளவு? கடனில் எவ்வளவைச் சேர்ப்பது? பங்கு தெரிந்தால்தான் சொத்து தெரியும்; சொத்து தெரிந்தால்தான் பங்கு தெரியும். ஒன்றையொன்று பற்றிச் சுழலும் இந்தச் சிக்கலில்தான் 'பொருள்' உதவிக்கு வருகிறது.

கடனிலிருந்து கழியும் தொகையைப் பொருள் என்க. சொத்து, பத்தும் ஒரு பொருளும். அதில் மூன்றில் ஒரு பங்கு வஸிய்யத்துக்குப் போக, மூன்றில் இரு பங்கு எஞ்சும். அதை இரு மகன்களும் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சொத்தின் மூன்றில் ஒரு பங்கு; அதாவது மூன்றேமூன்றில் ஒரு திர்ஹமும், பொருளின் மூன்றில் ஒரு பங்கும். இதுவே கடனில் கழியும் பொருளுக்கும் சமம். இருபக்கத்திலும் பொருளின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் (இது முகாபலா), பொருளின் மூன்றில் இரு பங்கு மூன்றேமூன்றில் ஒரு திர்ஹமுக்குச் சமமாகிறது. அதனோடு அதன் பாதியைச் சேர்க்க, பொருள் 5 திர்ஹம். கையிலுள்ள 10 திர்ஹமில் அயலாருக்கு 5, மற்ற மகனுக்கு 5. கடன்பட்டவன் தன் 5-ஐக் கடனில் பெற்றுவிட்டான். மூவருக்கும் நீதி கிடைத்தது.

இவை அந்நூலின் கணக்கு முறையைக் காட்டுவதற்காக எடுத்தவை. நம் குடும்பங்களில் உண்மையாகப் பாகம் பிரிக்கும்போது, வாரிசுகள் யார் யார், எவர் எவரால் விலக்கப்படுகிறார் என்பதை மார்க்க அறிஞர்களிடம் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். முதலில் உரிமையைத் தீர்மானிப்பது ஃபிக்ஹு. அந்த உரிமையை அளவாக்குவது ஜப்ர்.

பின்வந்தோர்

அல்-குவாரிஸ்மியைப் பின்பற்றி வந்தவர்களுள் எகிப்தைச் சேர்ந்த அபூ காமில் ஷுஜாஃ இப்னு அஸ்லம் குறிப்பிடத்தக்கவர். அவரும் ஜப்ரைக் கொண்டு வஸிய்யத் கணக்குகளைத் தீர்க்கும் நூல் ஒன்றை இயற்றினார். நூறு திர்ஹமுக்கு வெவ்வேறு விலையுள்ள நூறு பறவைகளை வாங்கும் கணக்குகளை ஆராய்ந்த அவர், அத்தகைய கணக்கு ஒன்றிற்கு 2,676 விடைகள் உள்ளன எனக் கண்டார். ஒரு விடையைக் கண்டதும் வேலை முடிந்தது என எண்ணுபவர்களுக்கு அது நல்ல பாடம்.

பஅலபக்கில் 1547-இல் பிறந்து, பாரசீகத்தில் வாழ்ந்து 1621-இல் மறைந்த பஹாவுத்தீன் அல்-ஆமிலி எழுதிய 'குலாஸத்துல் ஹிஸாப்' என்னும் சிறுநூல், இந்திய மத்ரஸாக்களின் பாடத்திட்டத்திலும் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. அதில் சுவையான கணக்கொன்று வருகிறது. ஒரு மீனின் மூன்றில் ஒரு பங்கு சேற்றிலும், நான்கில் ஒரு பங்கு நீரிலும் இருக்கின்றன. வெளியே தெரிவது மூன்று சாண். மீனின் நீளம் எவ்வளவு?

ஜப்ர் வழியில் சென்றால், மீனின் நீளம் ஒரு பொருள். மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்து பன்னிரண்டில் ஏழு. எஞ்சிய பன்னிரண்டில் ஐந்து பங்கு 3 சாணுக்குச் சமம். ஆகவே நீளம் 7 சாணும் ஐந்தில் ஒரு சாணும். இதையே 'கதஅய்ன்' எனப்படும் இரு பிழை முறையிலும் காணலாம். நீளம் 12 எனக் கொண்டால் வெளியே 5 சாண் தெரிய வேண்டும், பிழை 2. 24 எனக் கொண்டால் 10 தெரிய வேண்டும்; பிழை 7. முதற்கோளை இரண்டாம் பிழையால் பெருக்க 84. இரண்டாம் கோளை முதற்பிழையால் பெருக்க 48. இவற்றின் வேறுபாடு 36-ஐப் பிழைகளின் வேறுபாடு 5-ஆல் வகுக்க, அதே ஏழும் ஐந்தில் ஒன்றும் வருகிறது. ஒரே கணக்கைப் பல வழிகளில் தீர்த்து, ஒன்றால் மற்றதைச் சரிபார்க்கும் இப்பழக்கம் அந்நாள் மாணவர்க்குக் கற்பிக்கப்பட்டது.

ஐரோப்பா பெற்றதும் விட்டதும்

கி.பி. 1145-இல் செஸ்டர் நகர ராபர்ட் என்னும் ஆங்கிலேயர் ஸ்பெயினின் செகோவியாவில் இருந்து அல்-குவாரிஸ்மியின் நூலை இலத்தீனில் பெயர்த்தார். அதே நூற்றாண்டில் தொலேதோவில் பணியாற்றிய கிரெமோனா நகர ஜெரார்டும் பெயர்த்தார். ஆனால் இவ்விருவரும் வஸிய்யத் பற்றிய பிற்பாதியைப் பெயர்க்கவில்லை. இஸ்லாமியச் சட்டம் நிலவாத நாட்டில் அப்பகுதிக்குத் தேவை எழவில்லை போலும். முறை மட்டும் ஐரோப்பா சென்றது; அம்முறை எந்த நீதிக்காகக் கையாளப்பட்டதோ அந்தப் பகுதி அரபு ஏடுகளிலேயே தங்கிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள, 1342-இல் படியெடுக்கப்பட்ட கையெழுத்துப் படியைக் கொண்டு ஃபிரெடரிக் ரோசன் என்பார் 1831-இல் அரபு மூலத்தையும் ஆங்கிலப் பெயர்ப்பையும் லண்டனில் வெளியிட்ட பிறகே மேலை நாட்டார் அப்பாதியைப் படிக்கும் வாய்ப்புப் பெற்றனர்.

சென்ற பாதி, அங்கு நன்கு வளர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பீசா நகர லியோனார்டோ 1202-இல் எழுதிய நூலில் அரபு முறைகள் நிறைந்துள்ளன. 'ஷைஉ' என்பதை இத்தாலியர் 'கோசா' என்றனர். ஜெர்மானியர் இக்கலையையே 'கோஸ்' என அழைத்தனர். சமக் குறியை ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் புகுத்தினார். வியத் என்னும் பிரெஞ்சுக்காரர் 1591-இல் தெரிந்த அளவுகளுக்கும் தெரியாத அளவுகளுக்கும் எழுத்துகளை வழங்கினார். டெக்கார்ட் 1637-இல் தெரியாதவற்றிற்கு அகர வரிசையின் கடைசி எழுத்துகளைப் பயன்படுத்தினார். பக்தாதின் 'பொருள்' இன்று பள்ளிப் பலகையில் 'எக்ஸ்' என எழுதப்படுகிறது. தெரிந்த அளவுகளுக்கும் எழுத்துகள் கிடைத்தபின், ஓரினக் கணக்குகள் அனைத்தையும் ஒரே வரியில் அடக்கும் சூத்திரங்கள் பெருகின. வேலை சுருங்கியது. ஆனால், வாக்கியத்தைப் படித்துப் பொருளுணரும் பழக்கமும் அதனோடு சுருங்கிவிட்டது.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு

முதலில் கூறிய வயதுக் கணக்கிற்கு வருவோம். மகனின் வயது ஒரு பொருள். தந்தைக்கு மூன்று பொருள். 12 ஆண்டுகள் கழித்து மகனுக்கு ஒரு பொருளும் 12-உம். தந்தைக்கு மூன்று பொருளும் 12-உம். தந்தையின் வயது அப்போது இரு மடங்கு. அதாவது இரண்டு பொருளும் 24-உம். ஆகவே, மூன்று பொருளும் 12-உம், இரண்டு பொருளும் 24-உம் சமம். முகாபலா செய்தால் ஒரு பொருள் 12. மகனுக்கு 12, தந்தைக்கு 36. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 24, 48. சரியாக உள்ளது.

இதற்கு ஒரு சூத்திரமும் உண்டு. பின்வரும் மடங்கில் ஒன்றைக் குறைத்து, ஆண்டுகளால் பெருக்கி, இரு மடங்குகளின் வேறுபாட்டால், அதாவது இன்றைய மடங்கிலிருந்து பின்வரும் மடங்கைக் கழித்து வருவதால், வகுக்க வேண்டும். இங்கே 1-ஐ 12-ஆல் பெருக்கி 1-ஆல் வகுக்க, 12. சூத்திரம் பொய்யன்று. ஆனால் தேர்வில் வினா இப்படி வரட்டும்: தந்தையின் வயது இன்று இரு மடங்கு, 12 ஆண்டுகளுக்கு முன்னர் மூன்று மடங்கு. மனனம் செய்த மாணவன் அதே சூத்திரத்தில் எண்களை இட்டால், மகனின் வயது 24 குறைவெண் என்று, அதாவது பிறப்பதற்கு முன்பே 24 ஆண்டுகள் என்று, விடை வருகிறது! 'முன்னர்' என்ற ஒரு சொல்லை அவன் படிக்கவில்லை. ஜப்ர் முறையில் நடந்தவனோ, இரண்டு பொருளில் 12 குறைந்தது, மூன்று பொருளில் 36 குறைந்ததற்குச் சமம் என எழுதி, குறைந்தவற்றை நிறைவு செய்து, மகனுக்கு 24, தந்தைக்கு 48 என்று தடுமாற்றமின்றிக் காண்பான்.

சூத்திரமே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. தேர்வில் நேரம் குறைவு. ஆரியபட்டரின் விதியைப் போன்ற சூத்திரங்கள் வேகத்தைத் தருகின்றன. ஒரு முறையேனும் தானே சமன்பாட்டை அமைத்து, அதிலிருந்து சூத்திரத்தைப் பெற்ற மாணவனுக்கு அது துணை. பெறாதவனுக்கு அது கண்ணை மறைக்கும் திரை. ஆகவே, பிள்ளைகளுக்கு நான்கு படிகளைப் பழக்குவோம். வினாவை இருமுறை படித்து, எது தெரியவில்லை என்பதைக் கண்டு அதற்குப் பெயரிடுவது முதற்படி. வினா கூறுவதை அப்பெயரைக் கொண்டு தன் சொற்களில் மீண்டும் சொல்லி, எது எதற்குச் சமம் என்று காண்பது இரண்டாம் படி. ஜப்ரும் முகாபலாவும் செய்து தீர்ப்பது மூன்றாம் படி. கிடைத்த விடையை வினாவில் மீண்டும் வைத்துச் சரிபார்ப்பது நான்காம் படி. முதலிரண்டு படிகளும் மொழியறிவால் நடப்பவை என்பதைக் கவனிக்க வேண்டும். தாய்மொழியில் ஒரு வாக்கியத்தை நிதானமாகப் படித்துப் பொருள் கூறத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கில் பாதி வந்துவிட்டதாகவே கொள்ளலாம்.

நம் இல்லங்களில் இதைத் தொடங்குவது கடினமன்று. கணவர், ஒரு மகன், மூன்று மகள்கள், ஒரு வஸிய்யத் என்னும் அந்தப் பழைய கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். 1,120 பாகத்தில் மகள் ஒருத்திக்கு 123 என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். தேர்வுக்கு வேண்டிய பயிற்சியும் அதில் உண்டு. நாளை ஒரு மய்யித்தின் சொத்தைப் பங்கிடும் பொறுப்பு அவர்கள் கைக்கு வரும்போது, எவருடைய உரிமையும் ஒரு பாகம்கூடக் குறையாமல் கொடுப்பதற்கு வேண்டிய பயிற்சியும் அதில் உண்டு. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர் அல்-குவாரிஸ்மி ஏட்டை விரித்து அமர்ந்தது இதற்காகவே.